குரலைக் கேட்டேன், தொண்டையைப் பார்க்கவில்லை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் கைப்பேசிக்குக் குழந்தைகளின் குரல்கள் வரத் தொடங்கின. ஆசிரியர்களும் பெற்றோரும் பதிவு செய்து அனுப்புகிறார்கள். ஒரு பிள்ளை பத்து வரை எண்ணும், அல்லது தன் பெயரையும் வகுப்பையும் சொல்லும். குரல் கரகரவென்று இருக்கும். கீழே ஒரு வரி: "கேட்டுட்டு என்னன்னு மட்டும் சொல்லுங்க மேடம்." இப்போது அதற்கென்று செயலியும் வந்துவிட்டது. சிலர் அது போட்டுத் தரும் வண்ணக் கோடுகளையும் சேர்த்து அனுப்புகிறார்கள்.

எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய் முதலில் தொண்டைக்குள் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதுவேன். சிலருக்கு இதில் வருத்தம். கீரனூர்ப் பக்கம் ஒரு தலைமையாசிரியை நேராகவே கேட்டுவிட்டார்.

"முப்பது வருசமா இதே வேலை பாத்தவங்க நீங்க. கேட்டா தெரியாதா மேடம்?"

தெரியும் என்று நான் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பேச்சு, கேட்டல் பயிற்சியில் பட்டம் வாங்கிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு அறக்கட்டளை நடத்திய சிறிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இன்று அந்த மருத்துவமனை இல்லை. காது கேளாத குழந்தைகளும் திக்கிப் பேசும் குழந்தைகளும்தான் என்னிடம் வருவார்கள் என்று நிர்வாகம் நினைத்தது, நானும் அப்படித்தான் நினைத்தேன். குரல் கெட்டுப்போன பிள்ளைகளை யாரும் நோயாளிகளாகக் கருதியதே இல்லை. "தொண்டை கட்டியிருக்கு", "கம்மிப் போச்சு", "அவ கொரலே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சளிக்கு மருந்து வாங்க வந்த இடத்தில், தற்செயலாக என் அறைக்கு அனுப்பப்பட்டவர்களே அதிகம்.

பிள்ளைகள் வந்ததும் பேசச் சொல்ல மாட்டேன். ஒரு தகர டப்பா நிறைய மண் பொம்மைகள் இருக்கும். அதைக் கொட்டிக்கொண்டு விளையாடட்டும் என்று விட்டுவிடுவேன். பொம்மையோடு பேசும்போது வருகிற குரல்தான் அசல். டீச்சர் முன்னால் வருவது வேறு குரல். அந்த அறையில் சிலேட்டும் படங்களும் இருந்ததால் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

பிறகு ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொல்வேன். மூச்சை இழுத்துக்கொண்டு 'ஆ' என்று எவ்வளவு நேரம் நிறுத்த முடிகிறதோ அவ்வளவு நேரம் நிறுத்தச் சொல்வேன். அதேபோல 'ஸ்' என்று. 'ஸ்' சொல்லக் குரல் வேண்டாம், காற்று போதும். ஆகையால் 'ஸ்' நீளமாகவும் 'ஆ' குட்டையாகவும் வந்தால், குரல் நாண்கள் இரண்டும் சரியாகச் சேரவில்லை என்று ஒரு கணக்கு. நாங்கள் படித்த ஆங்கிலப் படிவத்தில் 'ஆ' இருந்த இடத்தில் 'z' என்ற ஆங்கில ஒலி இருந்தது. நம் பிள்ளைகள் அதையும் 'ஸ்' என்றே சொன்னார்கள். மூன்று மாதம் தப்பாகவே அளந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. படிவத்தை மாற்றிக்கொண்டேன்.

கடைசியாகப் பெற்றோரிடம் மூன்று கேள்விகள். காலையில் குரல் எப்படி, சாயங்காலம் எப்படி? பள்ளி விடுமுறையில் எப்படி? மூச்சு விடுவதில் சிரமம் உண்டா?

எங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவர் மாசிலாமணி. உயரமானவர், அதிகம் பேசாதவர். யாரையும் அவர் அதட்டி நான் கேட்டதில்லை. தொண்டைக்குள் பார்க்க நீளமான காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. உள்ளே ஆவி படியாமல் இருக்க அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்குவார். சூடாக்கியதும் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு பிள்ளையின் புறங்கையில் வைத்து, "சுடுதா?" என்று கேட்பார். பிள்ளை இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்வார். குமட்டினால் உடனே எடுத்துவிடுவார். "இன்னிக்குப் போதும், நாளைக்கு வா" என்பார். ஒரே பிள்ளையை நான்கு நாள் வரவழைத்துப் பார்த்ததும் உண்டு. வெளியே கூட்டம் முணுமுணுக்கும். அவர் காதில் அது விழுந்த மாதிரி இருக்காது.

குரல் நோயாளிகளுக்கென்று ஒரு அட்டை வைத்திருந்தார். அதில் இரண்டு தலைப்புகள்தான். இடப்பக்கம் 'கேட்டது', அதை நான் நிரப்ப வேண்டும். வலப்பக்கம் 'பார்த்தது', அது அவருடையது. இரண்டும் நிரம்பாமல் பயிற்சி தொடங்கக் கூடாது. நான் நிரப்பியதைப் படித்துவிட்டு அவர் கேட்கும் ஒரே கேள்வி, "நீ எங்கிட்டு இருந்தும்மா இத முடிவு பண்ணுன?" என்பதுதான். நான் சொல்லும் பதிலை முழுவதும் கேட்பார். சரி என்றோ தப்பு என்றோ சொல்லாமல் கண்ணாடியைச் சூடாக்கப் போய்விடுவார்.

என் இடப்பக்கமும் அவருடைய வலப்பக்கமும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பள்ளிப் பிள்ளைகளின் கரகரப்புக்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. மண்வெட்டி பிடிப்பவர் கையில் காய்ப்பு ஏறுவதுபோல, ஓயாமல் கத்துகிற பிள்ளையின் குரல் நாண்களில் சின்னத் தடிப்பு விழும். முடிச்சு என்போம். ஒரு பையன் வந்தான், ஐந்தாம் வகுப்பு. விடுமுறையில் நன்றாக இருக்கும் குரல் கார்த்திகை பிறந்ததும் கெட்டுப்போகிறது என்றார் அப்பா. விசாரித்தால், கடலைக் காட்டில் மயில் விரட்டுவது அவன் வேலை. பள்ளிக்கு முன்னும் பின்னும் வரப்பில் நின்று கத்துகிறான். கத்தாமல் தகரத்தைத் தட்டி விரட்டச் சொன்னேன், மெதுவாகப் பேசப் பழக்கினேன். இரண்டு மாதத்தில் குரல் திரும்பியது. மாசிலாமணி சார் கண்ணாடியில் பார்த்துவிட்டு, முடிச்சு கரைந்துவிட்டது என்றார்.

அப்படிப் பத்து, இருபது பிள்ளைகள். கதவைத் தாண்டி வரும்போதே இது முடிச்சு என்று எனக்குத் தெரிந்துவிடும் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தோடு இருந்தபோதுதான் பவித்ரா வந்தாள்.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஊர். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. அப்பா சவூதியில் வேலை. அம்மா ராணி, முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிற இடத்தில் கூலிக்குப் போகிறவர். கொட்டை வறுக்கும் புகை தொண்டையை எப்படி அறுக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விட்டதும் பவித்ரா அம்மாவிடம் அங்கேதான் போய் இருப்பாள்.

அவளுக்குக் குரலே இல்லை என்று சொல்லலாம். காற்றும் கரகரப்பும் கலந்து ஏதோ ஒன்று வந்தது. "அவங்கப்பா போன்ல பேசுறப்ப, யாரும்மா இது, பாப்பாகிட்ட குடுங்குறாரு" என்றார் ராணி. பள்ளியில் காலைப் பிரார்த்தனைப் பாட்டிலிருந்து அவளை விலக்கிவிட்டார்கள்.

பவித்ரா பொம்மைகளைக் கொட்டினாள். யானையையும் மாட்டையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டுக்கும் வேறு வேறு குரலில் பேச முயன்றாள். இரண்டும் ஒரே காற்றாக வந்தன. 'ஸ்' ஓரளவு வந்தது, 'ஆ' இரண்டு நொடியில் அறுந்தது.

"காலையில எப்படி இருக்கும்? சாயங்காலம் எப்படி?"

"எப்பவும் இப்படித்தாங்க."

"லீவுல கொஞ்சம் தேவலாமா?"

"இல்லைங்க. நாளாக நாளாக ஒடுங்கிக்கிட்டேதான் வருது."

"மூச்சு?"

"தூங்குறப்ப ஒரு மாதிரி இழுக்குது. எங்கூரு பக்கத்துல டாக்டரு வீசிங்குன்னு மருந்து குடுத்துருக்காரு."

மூன்று பதில்களையும் அட்டையில் எழுதிக்கொண்டேன். கத்திக் கெடுத்துக்கொண்ட குரல் ஓய்வு கொடுத்தால் கொஞ்சமாவது தேறும். இவள் குரல் ஏறி இறங்கவே இல்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. என் கையாலேயே அதை எழுதினேன். எழுதியதை நான் படிக்கவில்லை.

மாசிலாமணி சார் அப்போது முழங்கால் அறுவைக்காக விடுப்பில் இருந்தார். திரும்ப ஆறு வாரம் ஆகும். மூக்கு வழியே விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. வாரம் இரண்டு நாள் வந்து போன மாற்று மருத்துவர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பவித்ரா குமட்டினாள். இரண்டாம் முறையும் குமட்டினாள். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"முடிச்சுதான் சார். புகை வேற."

"அப்ப ஆரம்பிங்க" என்றார்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது, திருச்சிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வதுதான். கீரனூர் வழியாக ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான். நான் அட்டையை எடுத்து, 'பார்த்தது' என்ற தலைப்புக்குக் கீழே 'முடிச்சாக இருக்கலாம்' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் முறை.

பவித்ராவை என் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன்: "ஒன் தொண்டையில ஒரு புண்ணு மாதிரி இருக்கு. கத்துனா ஆறாது. ஆறு வாரத்துக்கு ரொம்ப அவசியம்னா மட்டும் பேசணும். வேணுங்குறத நோட்டுல எழுதிக் காட்டு. தண்ணி நெறையக் குடி. சரியா?"

அவள் தலையாட்டினாள். அந்த நிமிடத்திலிருந்து பேசவில்லை.

வாரா வாரம் வந்தார்கள். பேசாதே என்று பிள்ளைகளிடம் சொன்னால் கேட்க மாட்டார்கள், பாதிதான் நடக்கும் என்று வைத்துத்தான் சொல்லுவோம். பவித்ரா முழுவதும் செய்தாள். வகுப்பில் பேசவில்லை, அப்பா போன் செய்தால் பேசவில்லை, முந்திரிக் களத்துக்குப் போகவில்லை. நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம் நிரம்பியிருந்தது. குரல் தேறவே இல்லை. நான்காம் வாரம் ராணி, "மாடிப்படி ஏறுனா நின்னு நின்னு ஏறுறா மேடம்" என்றார். வீசிங் மருந்தை விடாமல் கொடுக்கச் சொன்னேன்.

ஆறாம் வாரம் மாசிலாமணி சார் திரும்பிவிட்டார், ஊன்றுகோலுடன். குழாய்க் கருவியும் வந்திருந்தது. காலையில் அவர் தன் அறைக்குப் போகும் வழியில் என் அறை வாசல் பெஞ்சில் பவித்ராவும் ராணியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தாண்டிப் போனவர் நின்றார். திரும்பி வந்து பவித்ராவின் முன் குனிந்தார். அவள் ஒன்றும் பேசவில்லை. மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தாள். நானும் கதவருகில் நின்று கேட்டேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது, நெரித்த குழாயில் காற்று போகிற மாதிரி ஒரு மெல்லிய ஓசை. வீசிங் இருந்தால் பெரும்பாலும் மூச்சை விடும்போதுதான் ஓசை வரும். இது இழுக்கும்போது வந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

ஆறு வாரமாக அவள் குரலைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேசாமல் இருந்தபோது எதையும் கேட்கவில்லை.

"யாரு பாத்தா?" என்று கேட்டார்.

"யாரும் பாக்க முடியல சார்."

அவர் உடனே குழாய்க் கருவியை எடுத்துவரச் சொன்னார். பவித்ராவை அம்மா மடியிலேயே உட்கார வைத்து, மூக்கில் மரத்துப்போகும் மருந்து விட்டு, குழாயை மெல்லச் செலுத்தினார். சில நொடிகள்தான். கண்ணை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"வாம்மா. நீயே பாரு."

பார்த்தேன். குரல் நாண்கள் தெரியவே இல்லை. கோழிக்கொண்டைப் பூவை நெருக்கிச் செருகியதுபோல, வெளிறிய சிவப்பில் கொத்துக் கொத்தாகக் கட்டிகள். நடுவே ஒரு நெல்மணி அளவுக்கு இடைவெளி. அந்தப் பிள்ளை அதன் வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தார். ராணியிடம் நிதானமாகச் சொன்னார்: "இது மரு மாதிரி ஒண்ணும்மா. ஒரு கிருமியால வாரது. கத்துனதால வரல, புகையால வரல, நீங்க செஞ்ச எதனாலயும் வரல. இன்னிக்கே எடுக்கணும். எடுத்தாலும் திரும்ப வளரும், வளர வளர எடுத்துக்கிட்டே இருக்கணும். வயசாக வயசாகக் கொறையும்."

ராணி தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "உசுருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இப்பப் போனீங்கன்னா பயமில்ல."

ஆம்புலன்சில் நானும் ஏறினேன். பவித்ராவுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ராணி அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீரனூர் தாண்டியதும் பவித்ரா என் கையைத் தொட்டு, நோட்டு வேண்டும் என்று சைகை காட்டினாள். கொடுத்தேன். வண்டி குலுங்கியதில் எழுத்துக் கோணலாக விழுந்தது. எழுதிவிட்டு என் பக்கம் திருப்பினாள்.

'நான் கத்தல டீச்சர்.'

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லியிருப்பேன். அந்தக் கோணல் எழுத்துதான் நினைவிருக்கிறது.

மத்தியானம் அறுவை நடந்தது. வெளியே பெஞ்சில் நானும் ராணியும். நான் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எப்படிச் சொன்னாலும் அது ஒன்றுதான் என்று தோன்றியதும் சொன்னேன்.

"நான் தொண்டைய பாக்காமலே முடிச்சுன்னு எழுதிட்டேன்ம்மா. முதல் நாளே இங்க அனுப்பியிருக்கணும். ஆறு வாரம் தாமதம் ஆனது என்னாலதான்."

ராணி என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தாமதம்கூட இருக்கட்டுங்க. அந்த ஆறு வாரமும் எம்புள்ள எங்கிட்ட பேசவே இல்லைங்க."

 கொஞ்ச நேரம் கழித்து அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். என் பக்கமும் நீட்டினார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. வெயில் காலம், பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

பவித்ரா பிழைத்துக்கொண்டாள். மறுநாள் புதுக்கோட்டைக்குத் திரும்பியதும் அவள் அட்டையை மாசிலாமணி சார் மேசையில் வைத்தேன். என் வரியை அடித்துவிட்டுச் சரியானதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அடிக்காதம்மா" என்றார். "அது இருக்கட்டும். கீழ நான் எழுதுறேன்."

கீழே அவரே எழுதிக் கையொப்பமிட்டார். வேலையிலிருந்து நீக்குவார் என்று நினைத்தேன். அன்று பிற்பகல் ஒரு பையனின் அட்டையை என்னிடம் நீட்டி, வழக்கம்போல, "நீ எங்கிட்டு இருந்தும்மா இத முடிவு பண்ணுன?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கட்டிகள் திரும்பத் திரும்ப வளர்ந்தன. முதல் இரண்டு வருடம் நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை திருச்சி. எத்தனை முறை என்று ராணிக்குத்தான் சரியாகத் தெரியும். எட்டு முறை வரை நான் கூடப் போனேன். ஒவ்வொரு அறுவைக்குப் பிறகும் சில நாள் பேசக் கூடாது என்பார்கள். அதைச் சொல்லும் வேலையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அங்குள்ள நர்சைச் சொல்லச் சொன்னேன். அந்த நாட்கள் முடிந்ததும் "இனிமே பேசலாம்" என்று சொல்வதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டதும் அவள் முதலில் அம்மாவிடம்தான் திரும்பினாள்.

மாசிலாமணி சார் ஓய்வு பெற்றார். சில வருடங்களில் இறந்தும் போனார். பவித்ராவுக்குப் பதினான்கு வயதான பிறகு கட்டிகள் வளரவில்லை. அத்தனை முறை கத்தி பட்ட நாண்களில் தழும்பு நின்றுவிட்டது. குரல் தாழ்ந்து, சொரசொரப்பாக, ஒரு பக்கம் காற்று ஒழுகுகிற மாதிரி நிலைத்துவிட்டது. பயிற்சியால் செய்ய முடிந்ததைச் செய்தோம். அதற்குமேல் வராது.

பவித்ரா பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் அம்மாவோடு வந்தாள். ராணி மருந்துச் சீட்டுடன் வராந்தாவின் கடைக்கோடியில் மருந்து வாங்கும் வரிசையில் நின்றார். பவித்ரா மட்டும் உள்ளே வந்தாள்.

"பேச்சுத் தேர்வு இருக்கு டீச்சர். இங்கிலீஷ்ல வாசிச்சுக் காட்டணும். புதுசா வந்த மிஸ், நான் வேணும்னே இப்படிப் பேசுறேன்னு நெனைக்கிறாங்க. ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா காட்டிருவேன்."

உடனே எழுதினேன். என்ன நோய், எத்தனை வருடச் சிகிச்சை, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று சுருக்கமாக எழுதிவிட்டு, கடைசியில், 'இம்மாணவியால் உரத்துப் பேச இயலாது என்பதைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன். படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

நிதானமாகப் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது தப்பு டீச்சர்."

"எது?"

"உரத்துப் பேச முடியாதுன்னு போட்டுருக்கீங்க. நல்லா இருக்காது, அவ்வளவுதான். பேசுனா கேக்கும்."

"இல்லம்மா, தழும்பு இருக்குறதால..."

"நீங்க கேட்டதில்லல்ல?"

நான் பேனாவை மூடாமல் அவளையே பார்த்தேன். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். வராந்தா நிறைய ஆட்கள். கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. அவள் கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை ஓசையில்லாமல் உள்ளே இழுத்தாள்.

"அம்மா!"

கட்டையான, கிழிந்த குரல். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுகையை நிறுத்தியது. வராந்தாவின் அந்தக் கோடியில், வரிசையின் நடுவில், ராணி மட்டும் திடுக்கிடவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "இந்தா வாரேன்" என்று கையை உயர்த்தினார்.

நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, இன்னொன்றை எடுத்தேன்.